சுவரைப் பார்த்துச் சொன்னது

இந்த மலரில் பணிக்கால நினைவுகளை எழுதுகிறவர்களுக்கு வழக்கமாக ஒரு முழங்காலாவது வலிக்கும். தபாலதிபராக இருந்தவர், கணக்காளராக இருந்தவர், தாதியாக இருந்தவர் என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். எல்லோருக்கும் பேரப்பிள்ளைகள் உண்டு. எனக்கு வயது முப்பத்துநான்கு. முழங்கால் இரண்டும் நலம். ஆனாலும் நான் முறைப்படி ஓய்வு பெற்றவள். கேக் வெட்டினார்கள், வாழ்த்து மடலில் எல்லோரும் கையெழுத்திட்டார்கள், பூச்சாடி ஒன்றும் தந்தார்கள். மற்றவர்கள் ஓய்வு பெற்றால் ஆள் போய்விடுவார், வேலை இருக்கும். என் விஷயத்தில் வேலை போய்விட்டது, ஆள் இருக்கிறேன்.

காது கேளாதவர்களுக்காக, மற்றவர்கள் பேசப் பேச அதை எழுத்தாக்கித் திரையில் ஓடவிடுவது என் தொழில். இப்போது அதைக் கைபேசியே செய்துவிடுகிறது. மோசமாகச் செய்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். எங்கள் நிறுவனம் எங்களை அனுப்பிவிட்டு, இயந்திரம் எழுதியதைச் சரிபார்க்க இரண்டு பிள்ளைகளை மட்டும் வைத்திருக்கிறது. அதில் ஒருத்தி மனோர் பார்க்கிலிருந்து வருகிற நம்மவள். அவள் போன மாதம், "அக்கா, முந்தி இதைக் கையாலயோ செய்தனீங்கள்?" என்று கேட்டாள். நான் ஏதோ பனையோலையில் எழுத்தாணி பிடித்தவள் என்பதுபோல ஒரு பார்வை. அந்தப் பார்வைக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு இடம் கிடைக்காது. அம்மா இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து மூன்றாம் வகுப்போடு நின்றவர். அப்பா அதுவும் இல்லை. இருவரும் லண்டனில் ஹவுன்ஸ்லோவில் குடியேறி, விமான நிலையத்தில் ஷிப்ட் மாறி மாறித் துப்புரவு வேலை செய்தார்கள். எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து, அதற்கு மேலும் படித்த முதல் ஆள் நான். என்ன படித்தாய் என்று உறவினர்கள் கேட்டபோது அம்மா, "மற்றவை கதைக்கிறதை எழுதுறதுக்குப் படிச்சவள்" என்றார். "அதுக்கும் படிப்போ?" என்று சித்தி கேட்டார். "கதைக்கிறவை படிக்கேல்லையே, எழுதுறவளாவது படிக்கட்டும்" என்றார் அம்மா.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். எங்கள் விசைப்பலகையில் எழுத்துகள் குறைவு. ஆர்மோனியத்தில் போலப் பல விசைகளை ஒன்றாக அமுக்கினால் ஒரு சொல் விழும். சில வருடங்கள் விரல்கள் தடுமாறின, பிறகு ஓடின. வேகம் வந்த பிறகுதான் தொழில் தொடங்குகிறது. அதைக் கற்பித்தவர் எங்கள் மேற்பார்வையாளர் மிஸ் வினி.

மிஸ் வினி ஒல்லியான ஆங்கிலேயப் பெண்மணி. கோடையிலும் மெல்லிய கையுறை போட்டிருப்பார். விரல்கள் குளிர்ந்தால் எழுத்தில் பிழை வரும் என்பது அவருடைய நம்பிக்கை. தேநீர் குடிக்க மாட்டார், வெறும் சுடுதண்ணீர்தான். நான் எழுதியதன் பிரதியைப் பச்சைப் பேனாவோடு வாசிப்பார். முதல் முறை ஒரு பேராசிரியரின் உளறலை நான் அழகாகச் செப்பனிட்டுக் கொடுத்திருந்தேன். வாசித்து முடித்து, "மிகவும் அழகாக இருக்கிறது. அவர் இப்படிப் பேசவில்லையே" என்றார். அவ்வளவுதான் கண்டிப்பு. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவருடைய முறை இதுதான். எழுதுகிறவள் அறையில் ஒரு கதிரை, மற்ற நாற்காலிகளோடு இன்னொன்று. கதிரைக்கு அபிப்பிராயம் கிடையாது. சிரித்தால் [சிரிப்பு] என்று போட வேண்டும். கதவு அடித்தால் [கதவு]. நிஜமாகவே கேட்கவில்லை என்றால் [தவறியது]. ஊகித்து எழுதக் கூடாது. யாரும் பேசாவிட்டால் [மௌனம்]. திரை சும்மா நின்றால் இயந்திரம் பழுதோ, உலகம் நின்றுவிட்டதோ என்று பார்ப்பவர் பயப்படுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்கிறவர்களின் காதில் விழுவதெல்லாம் அவருக்கும் விழ வேண்டும். "காது உள்ளவன் இருமலையும் கேட்கிறான், முணுமுணுப்பையும் கேட்கிறான்" என்பார். "எங்கள் ஆளுக்கு மட்டும் ஏன் வடிகட்டித் தர வேண்டும்?"

இந்தப் பயிற்சியோடு என்னை அனுப்பிய இடம், ஈலிங் பக்கத்தில் யூதர்களின் ஜெப ஆலயம் ஒன்று. புதன்கிழமை மாலைகளில், பக்கத்து அறையில், தோரா வாசிக்கிற வட்டம். தோரா என்பது மோசேயின் ஐந்து நூல்கள். அதை வாரத்துக்கு ஒரு பகுதியாகப் பிரித்து, வருடம் முழுக்க வாசிக்கிறார்கள். உலகம் முழுவதும் ஏறக்குறைய எல்லா யூதர்களும் அந்த வாரம் அதே பகுதியில்தான் இருப்பார்கள். கடைசிப் பகுதி முடிந்த கையோடு சுருளைத் திரும்பச் சுற்றி முதல் வரியிலிருந்து தொடங்குவார்கள். ஒரே புத்தகத்தை ஆயிரக்கணக்கான வருடங்களாக வாசித்தும் முடிக்கவில்லையே என்று அம்மாவுக்குக் கவலை. "விளங்காத பிள்ளையளோ?" என்று கேட்டார்.

அங்கே எல்லோரும் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். ஆனால் என் ஞாபகத்தில் அவர்கள் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார்கள். அவர்கள் சண்டை பிடிக்கிற விதம் அப்படி. எனவே ஞாபகத்தில் உள்ளபடியே எழுதுகிறேன். மிஸ் வினி தமிழ் வாசிக்க மாட்டார், பயமில்லை.

நான் போனது லெனிக்காக. லெனி லண்டன் கறுப்பு டாக்சி ஓட்டி ஓய்வு பெற்றவர். வாழ்க்கை முழுவதும் பின்னால் இருக்கிறவர்களோடு கண்ணாடியைப் பார்த்துப் பேசிப் பழகியவர். காது போன பிறகும் பேச்சு போகவில்லை. வட்டத்தை நடத்தியவர் அந்த ஆலயத்தின் குருவான ரபி மிரியம். என் வயதுதான் இருக்கும். பதில் சொல்ல மாட்டார், பிஸ்கட் சாப்பிட்டபடி இன்னொரு கேள்வி கேட்பார். மூன்றாமவர் எஸ்தர். சனிக்கிழமை ஆராதனையில் சுருளிலிருந்து வாசிக்கிற எல்லோரையும் பழக்குகிறவர் அவர்தான். அந்தச் சுருளில் உயிர்க்குறியும் இல்லை, இராகக் குறியும் இல்லை, வெறும் மெய்யெழுத்துகள். சொல்லையும் இராகத்தையும் மனதில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும். பிழை விட்டால் பக்கத்தில் நிற்கிறவர் உடனே உரக்கத் திருத்துவார். அந்தப் பக்கத்தில் நிற்கிறவர் எஸ்தர். அவர் திருத்தினால் மூன்றாவது வரிசைக்கும் கேட்கும் என்று சொல்வார்கள்.

முதல் புதன்கிழமை நான் ஒழுங்காக, ஒருவர் முடிக்க மற்றவர் தொடங்குவதாக எழுதினேன். அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். லெனி திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, இவை ஆர்?"

எனக்கு விளங்கவில்லை.

"நாப்பது வருசமா உவையைத் தெரியும். ஒருத்தர் கதைக்க மற்றவர் பொறுத்திருந்து கேட்டதை நான் காணேல்லை. நீர் வேற ஏதோ கூட்டத்தை எழுதுறீர்."

அடுத்த வாரத்திலிருந்து இடைவெட்டை இடைவெட்டாகவே போட்டேன். பாதியில் அறுந்த வாக்கியங்களும், [எல்லோரும் ஒரே நேரத்தில்] என்கிற அடைப்புக்குறியும் திரையில் ஓட, லெனி ஆனந்தமாகச் சாய்ந்துகொண்டார். வீட்டில் அந்த வாரப் பகுதியின் பெயர்களை முன்கூட்டியே இயந்திரத்தின் அகராதியில் ஏற்றிவைப்பேன். மோவாப், மீதியான், பிலேயாம், எல்லாம் என் சொந்தக்காரர் பெயர்களைவிட வேகமாக விரலில் வந்தன. [மௌனம்] என்பதற்கும் ஒரு விசை வைத்திருந்தேன். அந்த அறையில் அதற்குத் தூசி பிடித்தது.

அவர்கள் ஓயாமல் திரும்பி வந்த கேள்வி ஒன்று உண்டு. தீர்க்கதரிசி என்பவர் யார்? நான் அதுவரை தீர்க்கதரிசனம் என்றால் நடக்கப்போவதை முன்னாலேயே சொல்வது என்று நினைத்திருந்தேன். அம்மாவும் அப்படித்தான். "உவை குறி சொல்லுவினமோ? தம்பிக்கு எப்ப கலியாணம் சரிவரும் எண்டு ஒருக்காக் கேள்" என்று சொல்லிவிட்டார். நான் கதிரை அல்லவா, கேட்க முடியவில்லை. ஆனால் ரபி கேட்டார், வேறு விதமாக. மோசே தனக்கு வாய் வராது என்று மறுத்தார், அண்ணன் ஆரோனை அவருடைய வாயாக அனுப்ப வேண்டியிருந்தது. யோனா கப்பலேறி எதிர்ப்பக்கம் ஓடினார். வருவதைச் சொல்கிறவர்கள் என்றால் இவர்கள் ஏன் இந்த வேலைக்கு இவ்வளவு பயப்பட்டார்கள்?

யோனாவைப் பற்றி அன்று பெரிய சண்டை. நினிவே அழியும் என்று போய்ச் சொன்னார். ஊர் மனம் திருந்தியது. அழியவில்லை. சொன்னது பலிக்காததால் அவர் பொய்யரா என்று எஸ்தர் கேட்டார். ரபி பிஸ்கட்டை உடைத்தபடி, அழிவது நிச்சயம் என்றால் ஆளனுப்பிச் சொல்வானேன், சும்மா அழித்துவிட்டுப் போகலாமே என்றார். பலிக்கக் கூடாது என்பதற்காகத்தான் சொல்லப்படுகிறது, பலிக்காவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். யோனாவுக்கு மட்டும் அது விளங்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இதை எழுதிக்கொண்டிருந்தபோது என் விரல் ஒரு கணம் பிந்தியது. கதிரை யோசித்துவிட்டது.

கோடையில் ஒரு வாரம் பாலாக் என்கிற பகுதி வரும். பாலாக் என்ற அரசன், இஸ்ரவேலரைச் சபிக்கச் சொல்லிப் பிலேயாம் என்கிற தீர்க்கதரிசியைக் கூலிக்கு அழைக்கிறான். பிலேயாம் கழுதையில் புறப்படுகிறார். வழியில் வாளோடு தேவதூதன் நிற்கிறான். கழுதைக்குத் தெரிகிறது, பிலேயாமுக்குத் தெரியவில்லை. கழுதை ஒதுங்க ஒதுங்க அடி விழுகிறது. கடைசியில் கழுதை வாய் திறந்து பேசுகிறது. மலைக்குப் போய்ச் சேர்ந்ததும் பிலேயாம் சபிக்கத்தான் வாய் திறக்கிறார், வாழ்த்துத்தான் வருகிறது. வாயில் வைக்கப்பட்ட சொல்லைத் தவிர வேறு சொல்ல அவரால் முடியவில்லை.

லெனி என்னைச் சுட்டிக் காட்டினார். "இந்த அறையில கழுதை இவள்தான். எல்லாத்தையும் காணுறது இவள். கண்டதைச் சொன்னால் அடி விழப்போறதும் இவளுக்குத்தான்."

நான் அதையும் தட்டினேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சிரித்தபடி சொன்னது பிழையாகப் போய்விட்டது.

"உன்னைக் கழுதை எண்டு சொன்னவரோ?"

"அம்மா, அந்தக் கதையில கழுதைதான் கெட்டிக்காரி."

"கெட்டிக்காரக் கழுதையும் கழுதைதான். படிப்பிச்சு விட்டது இதுக்கோ? ஒரு நாளைக்கு நான் அவரைப் பாக்கோணும்."

லெனிக்கு எண்பத்துமூன்று வயது வந்த வருடம்தான் விஷயம் நடந்தது. யூதப் பையன்கள் பதின்மூன்று வயதில் சபை முன் நின்று தோரா வாசித்துப் பெரியவர்கள் ஆகிறார்கள். மனித ஆயுள் எழுபது என்பது அவர்கள் கணக்கு. எழுபதோடு இன்னொரு வாழ்க்கை தொடங்குகிறது, அதிலிருந்து பதின்மூன்றாம் வருடம், அதாவது எண்பத்துமூன்றில், மறுபடியும் அதே பகுதியை வாசிக்கலாம் என்று ஒரு வழக்கம். லெனியின் பகுதி பாலாக். சிறுவயதில் வாசித்தபோது அப்பா முன்வரிசையில் இருந்து அழுதாராம். இந்தமுறை தன் மகள் இருந்து பார்க்க வேண்டும் என்றார். குளிர் மாரிகாலம் முழுவதும் வீட்டில் உரத்துப் பழகினார். பக்கத்து வீட்டுக்காரருக்கும் பாடமாகிவிட்டது என்று பெருமைப்பட்டார்.

வசந்தத்தில் ஒரு புதன்கிழமை அவர் எழுந்து நின்று தொடக்க வரிகளை வாசித்துக் காட்டினார். தொடக்கம் சரியாகவே இருந்தது. இராகம் மேலே ஏற வேண்டிய இடத்தில் ஏறியது. பிறகு இறங்க மறந்து, வேறு தெருவுக்குள் திரும்பி, அப்படியே போய்க்கொண்டிருந்தது. நான் [லெனி வாசிக்கிறார்] என்று மட்டும் போட்டேன். முடித்துவிட்டு, "எப்பிடி?" என்று கேட்டார். எல்லோரும் பெருவிரலைத் தூக்கினார்கள். ரபி, பெரிய முயற்சி என்று சொன்னார். திரையில் அதைப் படித்து லெனி மலர்ந்து உட்கார்ந்தார்.

லெனிக்கு உதட்டசைவு கொஞ்சம் பிடிபடும். அதனால் அவருக்குத் தெரியக் கூடாதவற்றை எல்லோரும் சுவரைப் பார்த்துச் சொல்வார்கள். அதுவரை அவை சில்லறை விஷயங்கள்தான். அவருடைய ஸ்வெட்டர் உட்புறம் வெளியே இருக்கிறது, கடைசி பிஸ்கட்டையும் எடுத்துவிட்டார், அப்படி. எல்லாவற்றையும் நான் தட்டுவேன், அவர் சிரிப்பார், சொன்னவரும் சிரிப்பார். அன்று எஸ்தர் புத்தக அலுமாரிப் பக்கம் முகத்தைத் திருப்பி, தணிந்த குரலில் ரபியிடம் பேசினார்.

"உவர் வாசிக்க ஏலாது. சுதி எங்கயோ போகுது. நான் திருத்தினாலும் உவருக்குக் கேளாது. சபை முழுக்கச் சிரிக்கப் போகுது. வேற ஆரையும் கொண்டு வாசிப்பிச்சு, உவரைப் பக்கத்தில நிப்பாட்டுவம். நான் ஏதேனும் சாட்டுச் சொல்லுறன்."

சொல்லி முடிக்கும்போதுதான் நான் இருப்பது ஞாபகம் வந்தது போலும். திரும்பி, உள்ளங்கையை என்னை நோக்கி உயர்த்தினார். வேண்டாம்.

எங்கள் விரல்கள் எப்போதும் பேச்சுக்கு ஒரு மூச்சுப் பின்னால் ஓடும், தணிந்த குரல் என்றால் இன்னும் பிந்தும். அந்தக் கை உயர்ந்தபோது திரையில், உவர் வாசிக்க ஏலாது, என்பது மட்டும் ஏறியிருந்தது. மீதி என் விரலில் இருந்தது. [தவறியது] என்று ஒரு தட்டுத் தட்டினால் முடிந்தது. ஆனால் தவறவில்லையே. ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அதைப் போட்டால் இத்தனை வருடத்தில் நான் எழுதிய முதல் பொய் அதுவாக இருக்கும், அதுவும் அந்த மனிதரைப் பற்றியே, அவர் முன்னாலேயே. எஸ்தருடைய முகத்தில் கெட்ட எண்ணமும் இல்லை. அவர் சொன்னது சரி என்பதுதான் சங்கடம். நடந்தால் சபை சிரிக்கத்தான் செய்யும்.

மீதியையும் தட்டினேன். அந்தச் சாட்டு, சாக்குப்போக்கு வரைக்கும்.

லெனி தெரு வரைபடம் பார்க்கிறவர் போலத் திரையை மெதுவாக வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் வாசித்தார்.

"எஸ்தர், என்ன சாட்டுச் சொல்ல இருந்தனீர்?"

எஸ்தருக்குக் கழுத்து வரைக்கும் சிவந்துவிட்டது. "தொண்டை எண்டு ஏதேனும்."

"என்ர தொண்டை நல்லா இருக்கு. சுதிதானே பிழை. எங்க பிழை?"

"லெனி, நான் உம்மை நோகடிக்க வேணுமெண்டு..."

"நோகுது. அது பிறகு. எங்க பிழை?" என்றார் லெனி. "மாரி முழுக்கக் கத்துறன். மகள் கைதட்டுறாள். ரபி பல்லைக் காட்டுறா. ஒருத்தரும் இடத்தைச் சொல்லேல்லை. இடம் தெரியாமல் நான் எப்பிடித் திரும்பி வாறது?"

எஸ்தர் இப்போது அவரை நேராகப் பார்த்துப் பேசினார். "ஏறுற இடம் சரி. இறங்கிறதில்லை நீர்."

"அப்ப பக்கத்தில நிண்டு இறக்கிவிடும். அதுதானே உம்மட வேலை."

"எனக்கு வாயால திருத்தத்தான் தெரியும்."

"கையால திருத்தும்."

அப்போது ரபி பிஸ்கட்டைக் கீழே வைத்தார். இராகக் குறி இல்லாத சுருளை வாசிக்கிறவருக்கு, பக்கத்தில் நிற்பவர் இராகத்தின் ஏற்ற இறக்கத்தைக் கையசைவால் காட்டுகிற பழைய முறை ஒன்று உண்டு, இப்போது யாரும் செய்வதில்லை என்றார். அவருக்கு அது தெரியாது. எஸ்தர் சுவரைப் பார்க்காமல், மேசையைப் பார்த்து, தன் ஐயா செய்ததைக் கண்டிருப்பதாகச் சொன்னார். ஐயா என்றது தகப்பனை, ஒருவரையும் திருத்தாமல் விடாதவராம்.

எஸ்தர் என்மேல் புகார் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். கதிரைக்கு மரியாதை தெரியவில்லை என்பது சாரம். அடுத்த புதன் மிஸ் வினி கையுறையோடு நேரில் வந்து, சுடுதண்ணீர் வாங்கிக்கொண்டு, அன்றைய பிரதியை எல்லோர் முன்னாலும் முழுதாக வாசித்தார். எஸ்தரிடம் கேட்டது ஒரே கேள்வி, இது இந்த அறையில் சொல்லப்பட்டதா என்று. எஸ்தர் ஓம் என்றார். "அப்படியானால் புகார் யார்மேல்?" என்றார் மிஸ் வினி. எஸ்தருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மிஸ் வினி பிரதியில் ஒரு காற்புள்ளியைப் பச்சைப் பேனாவால் திருத்தி என்னிடம் தந்துவிட்டுப் போனார்.

அதன்பிறகு நான் கருவிகளை இணைத்து வைக்க முன்கூட்டியே போகும்போதெல்லாம் அவர்கள் இருவரும் பழகிக்கொண்டிருப்பார்கள். எஸ்தர் அவருடைய முன்கையைப் பிடித்திருப்பார். ஏற்றத்துக்கு உள்ளங்கை மேலே, இறக்கத்துக்கு ஒரு அமுக்கு. லெனி இறங்காவிட்டால் அமுக்கு பலமாகும். உம்முடைய கை கத்துகிறது என்று லெனி குற்றம் சாட்டினார். உமக்குக் காது இருந்த காலத்திலும் நீர் கேட்டதில்லை என்று எஸ்தர் சொன்னார். லெனி சட்டைக் கையை உருட்டி நீலம் பாய்ந்திருப்பதை ரபியிடம் காட்டினார். பயிற்சி மட்டும் ஒரு வாரமும் நிற்கவில்லை.

பாலாக் சனிக்கிழமை வந்தது. அவர்கள் சனிக்கிழமை எழுதுவதில்லை, திரையும் இல்லை. எனவே நான் வேலைக்கல்ல, விருந்தாளியாகப் போனேன். அம்மா சேலை உடுத்திக்கொண்டு கூட வந்தார். எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பது எனக்குப் பழக்கமில்லை. மடியில் விரல்கள் தாமாகவே அசைந்தன. அம்மா அவற்றின்மேல் தன் கையை வைத்து அமுக்கினார்.

லெனி வெள்ளிக் கோலால் வரியைத் தொட்டு வாசிக்கத் தொடங்கினார். எஸ்தரின் கை அவர் கைமேல் இருந்தது. ஏறினார். எஸ்தரின் விரல்கள் அழுந்தின. இறங்கினார். முன்வரிசையில் மகள் வாயைப் பொத்திக்கொண்டார். கழுதை பேசுகிற இடத்தில் லெனி வேண்டுமென்றே குரலை மாற்றியதுபோல எனக்குப் பட்டது. எஸ்தர் முறைத்தார். ஒரு சொல் புரியாமல் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "ஒரு இடத்தில சுதி விலகினது. மனுசி பிடிச்சுக்கொண்டு வந்திட்டா" என்று என் காதில் சொன்னார். கோவிலிலும் புரியாமல்தானே கேட்கிறோம், அம்மாவுக்குச் சுதி தப்பாது.

முடிந்ததும் எல்லோரும் மெல்லிய இனிப்புகளை அவர்மேல் எறிந்தார்கள். பையன்களுக்குச் செய்வது, எண்பத்துமூன்றுக்கும் உண்டு. பக்கத்திலிருந்தவர் அம்மாவின் கையிலும் ஒன்றைத் திணித்தார். அம்மா எழுந்து, நிதானமாகக் குறி பார்த்து எறிந்தார். அது நேரே லெனியின் மூக்கில் பட்டது.

"கழுதை எண்டதுக்கு" என்று சொல்லி உட்கார்ந்தார். சபை முழுக்கச் சிரித்தது.

அந்தச் சிரிப்புக்குள், எஸ்தர் சுருள் வைக்கிற பேழைப் பக்கம் திரும்பி, யாரிடமும் இல்லாமல் ஏதோ சொன்னார். நான் எழுந்து லெனிக்கு வாழ்த்துச் சொல்லப் போயிருந்ததால் எனக்குக் கேட்டது. லெனிக்குக் கேட்கவில்லை, ஆனால் எஸ்தரின் முதுகு தெரிந்தது.

"என்னவாம்?" என்று என்னைக் கேட்டார்.

விசைப்பலகை இல்லை. அவர் உதட்டைப் படிக்கிறபடி முகத்தை நிமிர்த்தி, என் சொந்த வாயால், மெதுவாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை. எழுதித் தரும்படி கேட்டார். சனிக்கிழமை எழுத முடியாது என்று அவருக்கே தெரியும். "அப்ப புதன்கிழமை" என்றார்.

நான் ஓய்வு பெற்ற நாளில், கேக்கை முள்ளுக்கரண்டியால் பிரித்துப் பார்த்தபடி மிஸ் வினி கேட்டார், இத்தனை வருடத்தில் நீ தட்டியதில் நல்ல வரி எது என்று. நான் முதலில் லெனியின் செய்தியைச் சொன்னேன். அவர் மேசையில் இப்போது என் இடத்தில் கைபேசி இருக்கிறது. சுவரைப் பார்த்துச் சொல்வது அதற்குச் சரியாக விழுவதில்லை, அதனால் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தே பேச வேண்டும் என்று அந்த வட்டத்தில் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். அதைக் கண்காணிப்பவர் எஸ்தர். இதைச் சொல்லிவிட்டு, பாலாக் முடிந்து வந்த அந்தப் புதன்கிழமையைச் சொன்னேன்.

அன்று வந்து உட்கார்ந்ததும் லெனி மேசையைத் தட்டினார். "எஸ்தர், சபை முழுக்கச் சிரிக்கும் எண்டு சொன்னனீர். பலிக்கேல்லை."

"சிரிச்சவைதானே" என்றார் எஸ்தர்.

"அது என்ர மூக்குக்கு. வாசிப்புக்கு இல்லை."

ரபி பிஸ்கட் பெட்டியைத் திறந்துகொண்டே, "யோனாவுக்கும் பலிக்கேல்லை" என்றார். "லெனிக்குச் சொல்லாமல் விட்டிருந்தால் பலிச்சிருக்கும்."

"அது கிடக்கட்டும்" என்றார் லெனி. "சனிக்கிழமை பேழையைப் பாத்துச் சொன்னதை இப்ப என்னைப் பாத்துச் சொல்லும். பிள்ளை எழுதட்டும்."

எஸ்தர் என்னைப் பார்த்தார். கை உயரும் என்று நினைத்தேன். உயரவில்லை. கதிரையைத் திருப்பிப் போட்டு, லெனிக்கு நேரே உட்கார்ந்தார். நான் தட்டினேன்.

எஸ்தர்: என்ர ஐயா கேட்டிருந்தால் உம்மைத் திருத்தியிருக்க மாட்டார்.

லெனி அதை வாசித்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ரபியும் சொல்லவில்லை, இன்னொரு கேள்வியும் கேட்கவில்லை. திரை வெறுமையாக நின்றது. உலகம் நின்றுவிட்டது என்று அவர் பயப்படக் கூடாதே என்று, தூசி பிடித்திருந்த அந்த விசையைத் தேடி அமுக்கினேன்.

[மௌனம்]